நாட்டுக்காரி வண்டி ஏறிய ஞாயிறு

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று லேப்ரடார், அதை நான் சீமைக்காரன் என்பேன். இன்னொன்று அயோத்தியாப்பட்டணம் புறவழிச் சாலையோரம் அடிபட்டுக் கிடந்து, மகளோடு வீட்டுக்கு வந்தது, அது நாட்டுக்காரி. இரண்டுக்கும் மகள் வைத்த பெயர்கள் வேறு. தடுப்பூசி அட்டையில் அவை இருக்கின்றன. கூப்பிட்டால் நாய்களும் திரும்பிப் பார்க்கின்றன. என் வாய்க்குத்தான் அந்தப் பெயர்கள் வரவில்லை.

சீமைக்காரனுக்குக் கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும். எங்கே, எதற்கு என்ற விசாரணை கிடையாது. ஏறி நடு சீட்டில் உட்கார்ந்துவிடும். ஊசி போடப் போகும்போதும் அதே சந்தோஷம். நாட்டுக்காரி கதை வேறு. ரோட்டோரம் போய்க்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து வந்த ஏதோ ஒரு வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. இன்றைக்கும் இடது பின்னங்காலை லேசாக இழுத்துத்தான் நடக்கும். அன்று மகளின் மடியில் மயக்கமாக ஆட்டோவில் வந்ததோடு சரி. அதன்பின் நான்கு வருடம் எந்த வண்டியிலும் கால் வைத்ததில்லை. மருத்துவர்தான் வீட்டுக்கு வந்து போவார்.

எனக்கு இதில் ஆட்சேபணை எதுவும் இருந்ததில்லை. முப்பத்திரண்டு வருடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். வண்டிகளைக் கண்டு பயப்படுகிற உயிர்தான் அறிவுள்ள உயிர் என்று அந்த முப்பத்திரண்டு வருடமும் எனக்குச் சொல்லியிருந்தது.

சிக்கல் மகள் வழியாக வந்தது. இரண்டு வருடமாக அவள் எழுதிப் போட்டுக் காத்திருந்த வேலை கோயமுத்தூரில் கிடைத்தது. வியாழக்கிழமை சேர வேண்டும். நாயை அனுமதிக்கும் வீட்டுச் சொந்தக்காரரைத் தேடி ஒரு மாதம் அலைந்து, அப்படியும் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டாள். புதன்கிழமை காலை இரண்டு நாய்களையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த இடத்தில்தான் நின்றது. நாட்டுக்காரியை எங்களிடம் விட்டுவிட்டுப் போகலாமே என்றால், அவள் மூன்று நாள் சென்னை போனபோதே அது சோற்றைத் தொடாமல் கேட்டடியில் படுத்துக் கிடந்தது. நானும் என் மனைவியும் மாற்றி மாற்றிக் கெஞ்சியதற்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தது, அவ்வளவுதான்.

“அது ஏறலைன்னா நான் போகலப்பா” என்றாள் மகள்.

சொன்னால் செய்வாள். அவள் அம்மாவைக் கொண்டு பிறந்தவள்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஈரல் துண்டைக் காருக்குள் வைத்தால், அது வெளியே நின்றபடியே கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டது. மருத்துவர் கொடுத்த மாத்திரையில் கண் சொக்கிப்போன பிறகும் கார் வாசலில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. ஒருமுறை மூன்று பேருமாகத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம். தெருமுனை வருவதற்குள் சீட்டு உறை கிழிந்தது, வாந்தி எடுத்தது, மகளும் அழுதாள். நான் ஏழு படிநிலைகள் கொண்ட ஒரு பயிற்சித் திட்டம் எழுதிக் கொடுத்தேன். முதல் படிநிலை, ‘நிற்கும் வாகனத்தின் அருகே அமைதியாக அமர வைத்தல்.’ அந்தக் கோப்பு அங்கேயே நிலுவையில் நின்றது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவியின் தம்பி வந்தான். புதுச்சத்திரம் பக்கத்தில் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருக்கிறவன். எங்கள் பக்கத்தில் ஒரு பண்ணைக்குத் தீவனம் இறக்க வந்தவன், அக்காவுக்கு ஒரு அட்டை முட்டை கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தன் சின்ன யானையை வீட்டு வாசலில் நிறுத்தினான். குட்டிச் சரக்கு வண்டிக்கு ஊர் வைத்த பெயர் அது. பின்பக்கத் தட்டி திறந்தே கிடந்தது. உள்ளே காலிச் சாக்குகளும் ஒரு தார்ப்பாயும். கோழித் தீவனத்தில் கருவாட்டுத் தூள் கலப்பார்கள். அந்த வாசனை தெருவையே தூக்கியது.

நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து மனைவி கூப்பிட்டாள். ஏதோ பாம்பைக் கண்டவள் கூப்பிடுகிற குரல்.

“ஏனுங்க, இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க.”

போய்ப் பார்த்தேன். நாட்டுக்காரி வண்டிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. யாரும் தூக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. தானாகத் தாவி ஏறி, சாக்குகளை ஒவ்வொன்றாக முகர்ந்து, ஒன்றை நக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தும் விட்டது. மகள் கையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு நின்றாள். வாயில் நுரை. பேசவும் முடியவில்லை, துப்பவும் தோன்றவில்லை.

“எறக்கிப் பாப்போமா?” என்றேன்.

“எறக்கிப்புட்டா மறுக்கா ஏறாதுங்க மாமா” என்றான் மைத்துனன். “இப்படியே கெளம்புங்க. எங்கூரு ஏரி நெறஞ்சு கோடி போவுது. நாயிங்கள ஓட வுட்டு, மத்தியானம் எங்கூட்டுல சாப்புட்டு வரலாமுங்க.”

“இப்பவா?”

“பின்ன, மனு எழுதிக் குடுத்துட்டா போவாங்க?”

மகள் நுரையைத் துப்பினாள். “அப்பா, ப்ளீஸ். வண்டி ஓடும்போது உக்காருதான்னு மட்டும் பாத்துடலாம்.”

அடுத்த பத்து நிமிடத்தில் எங்கள் வீட்டில் நடந்ததற்கு நடைமுறை என்று எதுவும் இல்லை. அடுப்பில் வெந்துகொண்டிருந்த இட்லிக் குண்டாவை மனைவி அப்படியே இறக்கித் துணி சுற்றிக் காரில் வைத்தாள். சட்னி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏறியது. ஆட்டுக்கறி ஃபிரிட்ஜுக்குள் போனது. சீமைக்காரன் யாரும் சொல்வதற்கு முன்பே காரில் இருந்தது. நாட்டுக்காரியோடு பின்னால் யாராவது உட்கார வேண்டும். மனைவிக்கு மூட்டு வலி, அவ்வளவு உயரம் ஏற முடியாது. மகள் கார் ஓட்ட வேண்டும். நானும் லைசென்ஸ் உள்ளவன்தான். ஆனால் என் வேகத்தில் போய்ச் சேர்வதற்குள் ஏரி வற்றிவிடும் என்பது அவள் கட்சி.

ஆக, சரக்கு வாகனத்தின் பின்பக்கம் ஆள் ஏற்றியதற்காக எத்தனையோ பேரின் ஆவணங்களைப் பிடித்து வைத்து, நாள் முழுக்க வராந்தாவில் நிற்க வைத்த நான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சரக்கு வாகனத்தின் பின்பக்கம் ஏறினேன். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்தார். “எங்க சார், கெளம்பிட்டீங்க?” என்றார். “ஆய்வுக்கு” என்றேன்.

வண்டி நகர்ந்தது. நாட்டுக்காரியின் முதுகில் கை வைத்திருந்தேன். உடம்பு வீணைக் கம்பி மாதிரி அதிர்ந்தது. எழுந்து நின்றது. குதித்துவிடுமோ என்று கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்தேன். குதிக்கவில்லை. வண்டியின் பின்தட்டியருகே போய், பின்னால் வரும் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தது. எனக்கோ உள்ளே பட்டாசு வெடித்தது. பின்னால் காரில் வந்த மகளிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் ஹாரன் அடித்தாள். காரணமில்லாமல் ஹாரன் அடிப்பது தவறு என்று அவளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அன்று இன்னும் இரண்டு தரம் அடித்திருக்கலாம் என்று இருந்தது.

சீலநாயக்கன்பட்டி தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும், முன்னால் ஓரமாக ஒரு ஜீப். வாகனச் சோதனை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கிறவர்கள் இந்தக் காலத்தில் வந்துவிட்டார்கள். என் கை யாரையும் கேட்காமல் தார்ப்பாயை இழுத்துத் தலைக்குமேல் போட்டது.

வண்டி நின்றது. தார்ப்பாய்க்குள் கருவாட்டுத் தூளும் நானும் மட்டும்.

“பின்னாடி என்ன லோடு?” என்றது ஒரு குரல்.

“காலிச் சாக்குங்க” என்றான் மைத்துனன். “அப்பறம் ஒரு நாயிங்க.”

நான் தும்மினேன். அடக்கி வைத்த தும்மல் என்பதால் இரட்டிப்பாக வந்தது.

“நாய்க்குச் சளியா?”

“ஆமாங்க. மழைங்க.”

தார்ப்பாய் விலகியது. ஆய்வாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பணியில் சேர்ந்த புதிதில் ஆறு மாதம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கோப்பு பார்க்கக் கற்றுக்கொண்டவர்.

“சார்! நீங்களா சார்?”

“நான்தான்.”

“சார், இந்தச் சட்டப் பிரிவையே எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கதானே சார்?”

“சரியாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். எழுதுங்க.”

மைத்துனன் இறங்கி ஓடி வந்தான். “மாமா! அபராதம் வண்டிக்காரனுக்குங்க! உங்க நேர்மைக்கு எம்பேருல ரசீதுங்களா?”

ஆய்வாளருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். “எறங்கிக் கார்ல வாங்க சார். நாய் மட்டும் போகட்டும். சரக்குன்னு வெச்சுக்கறேன்.”

“உயிருள்ள பிராணிகளை ஏற்றிச் செல்வதற்குத் தனி விதி...”

“சார், போயிட்டு வாங்க சார்.”

இறங்கினேன். இப்போது நாட்டுக்காரி தனியாகப் போக வேண்டும். மகள் முகம் வெளுத்துவிட்டது. “அப்பா, அது பயந்து குதிச்சுடும்பா” என்றாள். பட்டையில் கயிற்றைக் கோத்து, குதிக்க முடியாதபடி குட்டையாக, நடுக் கொக்கியில் கட்டினேன். மைத்துனனை நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று எச்சரித்தேன். “கல்யாண ஊர்வலம் மாதிரி போறனுங்க” என்றான்.

நான் காரில் பின்சீட்டில், சீமைக்காரனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். மைத்துனன் முன்னால் போனான், நாங்கள் பின்னால். அங்கிருந்து புதுச்சத்திரம் வரைக்கும் எங்கள் காரில் யாரும் வேறெதையும் பார்க்கவில்லை. வழியில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடுகள் மழையில் கழுவிவிட்ட மாதிரி இருந்ததும், கூடு கட்டாத லாரிகள் இரண்டு, வெறும் எஞ்சினும் சட்டமுமாக, காற்றுக்குக் கண்ணாடி மாட்டிய ஓட்டுநர்களோடு நாமக்கல்லுக்குக் கூடு கட்டப் போய்க்கொண்டிருந்ததும் ஓரக்கண்ணில் தெரிந்தன. மற்றபடி நாட்டுக்காரிதான். வண்டி வேகத்தடையில் ஏறும்போது மகள் மூச்சைப் பிடித்தாள், இறங்கியதும் விட்டாள். மனைவி கண்ணாடிக்கு இந்தப்பக்கமிருந்தே, “உக்காரு சாமி, உக்காரு சாமி” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நாட்டுக்காரி காதுகளைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு எங்களையே பார்த்தபடி வந்தது. மல்லூர் தாண்டும்போது வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டது. “சிரிக்குது! அப்பா, அது சிரிக்குதுப்பா!” என்று மகள் ஸ்டியரிங்கைத் தட்டினாள். நாய் வாய் திறப்பது உடல் வெப்பத்தைத் தணிக்க என்பதை அப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பண்ணைக்குள் வெளி நாய்களுக்கு அனுமதி இல்லை. வண்டிச் சக்கரமே மருந்துத் தண்ணீரில் நனைந்துதான் உள்ளே போக முடியும். அந்த ஒழுங்கைப் பாராட்டினேன். மைத்துனன் சொந்த வாழ்க்கையில் கடைப்பிடிக்கிற ஒரே ஒழுங்கு அது. அதனால் நேராக ஏரிக்கே போய்விட்டோம்.

ஏரி விளிம்பு வரைக்கும் நிறைந்து, உபரித் தண்ணீர் கல்வரிசை மேல் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் அந்தப் பக்கத்தில் கோடி போகிறது என்பார்கள். கார் கதவைத் திறந்ததும் சீமைக்காரன் பறந்தது என்றே சொல்ல வேண்டும். தொப்பென்று தண்ணீரில் விழுந்து, நீந்தி, ஒரு தாமரை இலையைக் கவ்விக்கொண்டு வந்து மனைவியின் சேலையில் போட்டு உடம்பை உதறியது. மனைவி திட்டினாள், திட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் இறங்கினாள். படியேறவே யோசிக்கிற அவள் முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்த சிரிப்பைக் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. நாட்டுக்காரி தண்ணீருக்கு வரவில்லை. கரைச் சேற்றில் ஒரு நண்டு வளையைக் கண்டுபிடித்து, கிணறு வெட்டுகிற மும்முரத்தில் தோண்டியது. நண்டு மூக்கைக் கவ்வியது. அது போட்ட கூச்சலில் கொக்குகள் எல்லாம் கிளம்பின. அப்புறம் மறுபடியும் போய் அதே வளையைத் தோண்டியது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இட்லி ஆறிப் போயிருந்தது. மைத்துனன் மனைவி முட்டைக் குழம்பும், நாய்களுக்கென்று கீறல் விட்ட முட்டைகளை அவித்தும் தூக்குப்போசியில் கொண்டுவந்தாள். “அண்ணா, ஊட்டுக்கு வராம இங்கயே நின்னுக்கிட்டீங்க?” என்று கோபித்தாள். சீமைக்காரன் ஒன்பது முட்டை தின்றது. பத்தாவதை நான் மறைத்தேன்.

மூன்று மணிக்கு மைத்துனனுக்குப் போன் வந்தது. தீவனம் ஏற்ற நாமக்கல் போக வேண்டும்.

“அப்ப இத யாரு திரும்பக் கொண்டு விடுறது?” என்றாள் மனைவி.

எல்லோரும் நாட்டுக்காரியைப் பார்த்தோம். அது சேற்று மூக்கோடு எங்களைப் பார்த்தது. சரக்கு வண்டியில் ஏறிவிட்டது, சரி. ஆனால் கோயமுத்தூருக்குச் சரக்கு வண்டியில் போக முடியாது. எப்படியும் புதன்கிழமை கேட்கப்போகிற கேள்வியை ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிட்டது.

என் கருத்தைச் சொன்னேன். அது ஏறியது கருவாட்டு வாசனைக்கு. ஆகவே தீவனச் சாக்கைக் காரில் விரித்தால் ஏறும். பின்சீட்டில் இரண்டு சாக்கை விரித்தோம். கார் முழுக்கக் கருவாடு. நாட்டுக்காரி வந்தது, முகர்ந்தது, முன்னங்கால் இரண்டையும் சீட்டில் வைத்தது. மகள் என் கையைப் பிடித்தாள். நாட்டுக்காரி தலையை உள்ளே விட்டு, முன்சீட்டுகளின் முதுகைப் பார்த்தது. அவ்வளவுதான். பின்வாங்கி, வால் காலிடுக்கில் போய், பத்தடி தள்ளி நின்று நடுங்கியது.

இன்னொரு முறை. இன்னொரு முறை. நான் உள்ளே உட்கார்ந்து கூப்பிட்டேன். சீமைக்காரன் ஏறி இறங்கிக் காட்டியது. எட்டுத் தடவை ஏறியது, அதற்கு இது விளையாட்டு. நாட்டுக்காரி ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றது. மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். “வேலைக்கு வரலைன்னு நாளைக்கு எழுதிடறேன்பா” என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது.

மனைவி அது வரைக்கும் கரைக்கல்லில் உட்கார்ந்து சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“ஏனுங்க, வாரப்ப அது ஒரு தடவையாச்சும் முன்னால திரும்புச்சா?”

“என்ன?”

“முப்பது மைலும் நம்மளப் பாத்துக்கிட்டுத்தான வந்துச்சு. நம்ம மேல அவ்வளவு ஆசையா? பின்னால என்ன வருதுன்னு பாத்துக்கிட்டு வந்துச்சு. அதப் பின்னாலருந்துதான அடிச்சாங்க? சீட்டுல போட்டா முன்னால மட்டுந்தான் தெரியும். பின்னால எது வருதோன்னு அதுக்குப் பயம். சாமானம் வெக்கிற எடத்தத் தொறங்க.”

“டிக்கியில் உயிருள்ள பிராணியை...”

“தொறங்கன்னா.”

திறந்தேன். மகள் பின்சீட்டின் பாதியை மடித்துப் போட்டாள். சாமான் மறைக்கும் பலகையைக் கழற்றினாள். பின்கண்ணாடி முழுக்க வெளிச்சமாக, காற்றுப் போக இடமாக ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. மனைவி மட்டும், “வா சாமி” என்று ஒரு தடவை சொன்னாள். நாட்டுக்காரி வந்தது. விளிம்பை முகர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. பின்னங்கால் ஒருமுறை வழுக்கியது. அடுத்த நொடி உள்ளே இருந்தது! ஒரு சுற்றுச் சுற்றி, முகத்தை வெளிப்பக்கம் வைத்து உட்கார்ந்தது.

கதவை நான்தான் சாத்தினேன், குழந்தை தூங்குகிற அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி. கண்ணாடியில் மூக்கு ஒட்டிக்கொண்டது. நடுங்கியது. ஆனால் உட்கார்ந்திருந்தது.

வண்டி கிளம்பியது. ராசிபுரம் பிரிவு வரைக்கும் நடுக்கம் இருந்தது. மடித்த சீட்டுக்கு மேல் கையை நீட்டி முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன். மல்லூர் அருகே ஒரு லாரி எங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. நாட்டுக்காரி எழுந்து நின்று, கண்ணாடி அதிர ஒரு குரைப்பு குரைத்தது. ஓட்டுநர் திடுக்கிட்டு வேகத்தைக் குறைத்து நல்ல இடைவெளி விட்டான். முப்பத்திரண்டு வருடம் சுற்றறிக்கை போட்டு என்னால் ஆகாத காரியம். அதன்பின் எந்த வண்டி நெருங்கினாலும் குரைப்பு, விலகியதும் உட்காரும். மகள் சிரிக்கத் தொடங்கினாள், மனைவி சிரித்தாள், சீமைக்காரன் காரணம் தெரியாமல் கூடவே குரைத்தது. சேலம் வருவதற்குள் எங்கள் காருக்கு ஐம்பதடிக்குள் எந்த வாகனமும் இல்லை.

புதன்கிழமை காலை, பெட்டிகள் ஏறும் முன்பே நாட்டுக்காரி ஏறி உட்கார்ந்துவிட்டது. தடுப்பூசி அட்டைகளின் நகல் மூன்று செட், மருத்துவரின் சான்று, வழியில் தண்ணீர் காட்ட வேண்டிய இடங்களின் பட்டியல், எல்லாவற்றையும் உறையிலிட்டு மகளிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, “சரிங்க சார்” என்றாள். அவள் அம்மா இரண்டு நாய்களின் நெற்றியிலும் விபூதி வைத்தாள். சீமைக்காரன் அதை நக்க முயன்றது.

கார் கிளம்பியது. மகள் முன்னால் ரோட்டைப் பார்த்தாள். பார்க்கத்தான் வேண்டும், ஓட்டுகிறவள். சீமைக்காரன் முன்சீட்டு ஜன்னலில் மூக்கை நீட்டிக்கொண்டு, வரப்போகிற ஊரை இப்போதே முகர்ந்துகொண்டிருந்தது. நாட்டுக்காரி மட்டும் எங்களைப் பார்த்தது. பின்கண்ணாடியில் அந்த முகம் சின்னதாகிக்கொண்டே போய், கார் மெயின் ரோட்டில் திரும்பும் வரைக்கும் எங்கள் பக்கமே இருந்தது.

மனைவி கையை ஆட்டினாள். நான் ஆட்டவில்லை என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். ஆட்டினேன்.